அடுப்புக்குள் வைத்த டால்டா

சடையாண்டி கவனம் கெட்டவன், அதனால்தான் அடுப்புக்குள் வெந்தான் என்று திண்டுக்கல் பேகம்பூரில் இன்னும் இரண்டொருவர் சொல்கிறார்கள். அது பொய். அந்தப் பொய்யைச் சொன்ன வாயும் தெரியும், சொன்ன நாளும் தெரியும். தொண்ணூற்றி ஒன்றாம் வருடம், நோன்புப் பெருநாளுக்கு ஒரு வாரம் இருக்கும்போது நடந்தது. நான் அங்கே ஒரு பேக்கரியில் பிஸ்கட் அடுக்கிப் பொட்டலம் போட்டுக்கொண்டிருந்தேன்.

சடையாண்டிக்குச் சொந்த ஊர் செம்பட்டிக்கு மேற்கே. மழை இல்லாத ஒரு வருடம் மனைவி மாயம்மாளோடு திண்டுக்கல்லுக்கு வந்து விறகு உடைத்தான். ஆள் ஒல்லி, தோள் குறுகல். அந்த உடம்பைப் பார்த்துத்தான் ஒரு கடைக்காரர் ரொட்டி அடுப்பைச் சுத்தம் செய்யக் கூப்பிட்டார். அன்றிலிருந்து அதுவே அவன் வேலை. டவுனில் ஏழு பேக்கரிக்கு அவன்தான்.

ரொட்டி அடுப்பு என்றால் வீட்டு அடுப்பு மாதிரி இல்லை. செங்கல்லால் கட்டிய ஒரு சின்னக் குகை. வாய் இரண்டடி, உள்ளே எட்டடி நீளம். உள்ளேயே விறகை எரித்து, சாம்பலை வாரிவிட்டு, அந்தச் சூட்டில் வேகவைப்பது. மேலே கரி படியும், கீழே சிந்திய சர்க்கரையும் நெய்யும் கருகிக் கல்லோடு ஒட்டிக்கொள்ளும். தண்ணீர் ஊற்றினால் செங்கல் வெடித்துவிடும். ஆகவே ஓர் ஆள் ஈரச் சாக்கை விரித்து, குப்புறப் படுத்து ஊர்ந்துபோய், கொத்துக்கரண்டியால் சுரண்டி, தேங்காய் நாரால் தேய்க்க வேண்டும். உள்ளே திரும்ப முடியாது. போன வழியே பின்னால்தான் வர வேண்டும்.

பெருநாள் வந்தால் எங்கள் பெண்கள் வீட்டிலேயே நான்கட்டாய் பிஸ்கட்டுக்கு மாவு பிசைந்து தட்டில் அடுக்கி, பேக்கரிக்குக் கொண்டுவந்து வேகவைத்துப் போவார்கள். கிறிஸ்துமஸுக்குக் கிறிஸ்தவ வீட்டுக் கேக்குத் தட்டுகளும் அப்படித்தான் வரும். வெள்ளை வெளேரென்ற நான்கட்டாய் மேல் ஒரு பொட்டுக் கரி விழுந்தாலும் தெருவே பேசும். அதனால் பெருநாளுக்கு முன்னால் அடுப்பு சுத்தமாக வேண்டும். அதற்கு இரண்டு முழு நாள் தீ மூட்டாமல் ஆற வேண்டும்.

ஆறிவிட்டதா என்று பார்க்க சடையாண்டி ஒரு வழி வைத்திருந்தான். யாரும் சொல்லித் தந்ததில்லை. முதல் வருடம் முழங்கால் வெந்த பிறகு அவனாகக் கண்டுபிடித்தது. ஓட்டுத் துண்டு இரண்டு எடுப்பான். இரண்டிலும் எலுமிச்சம்பழ அளவு டால்டா வைப்பான். ஒன்றை நீளத் துடுப்பால் அடுப்பின் கடைசிக்குத் தள்ளுவான். இன்னொன்றை வெளியே நிழலில் வைப்பான். அரை மணி கழித்து இரண்டும் ஒன்றுபோல இருந்தால் இறங்குவான். உள்ளே இருப்பது கூடுதலாக இளகியிருந்தால், "இன்னைக்கு இல்லே பாய்" என்று துண்டை உதறிக்கொண்டு போய்விடுவான். எந்த முதலாளி கத்தினாலும் அசைய மாட்டான்.

அந்தப் புதன்கிழமை காலை அப்படித்தான் டால்டாவை வைத்தான். வைத்துவிட்டு, "அக்கா, செத்த நேரத்துல வாரேன்" என்று கிளம்பினான். எங்கே போகிறான் என்று எனக்குத் தெரியும். டீ குடிக்க. பக்கத்திலேயே டீக்கடை உண்டு, அங்கே போக மாட்டான். கடைக்குள் பானையில் தண்ணீர் இருந்தாலும் தொட மாட்டான். நோன்பு மாதம் முழுவதும் எங்கள் கண்ணில் படாமல் பஸ் ஸ்டாண்டு பக்கம் போய்க் குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு வருவான். யாரும் அவனை அப்படிச் செய்யச் சொன்னதில்லை.

அவன் திரும்பி வருகிற நேரம் நெருங்கியதும் முதலாளி முகமது யாசின் எழுந்து வந்தார். கலர் சோடா வைக்கும் பிரிட்ஜைத் திறந்து ஒரு கிண்ணத்தை எடுத்தார். துடுப்பால் ஓட்டுத் துண்டை வெளியே இழுத்து, அதிலிருந்ததை வழித்துப் போட்டுவிட்டு, கிண்ணத்திலிருந்து வேறு ஒரு உருண்டை டால்டாவை வைத்து உள்ளே தள்ளினார்.

"என்னண்ணே?" என்றேன்.

"எறும்பு ஏறிருச்சு ஜெய்தூனு. மாத்தி வச்சேன்."

நோன்பு வைத்திருக்கிற மனிதர் சொல்கிறார். நான் நம்பிவிட்டு என் பொட்டலத்தைப் பார்த்தேன்.

சடையாண்டி வந்து இரண்டையும் எடுத்துப் பார்த்தான். சித்திரை பிறக்கப் போகிற வெயில். வெளியே இருந்தது சரிந்து கிடந்தது. உள்ளே இருந்தது கெட்டியாக நின்றது. சிரித்தான்.

"அக்கா, உள்ள கொடைக்கானலு! நாமதான் வெளிய வேகுறோம்."

"அப்ப ஸ்வெட்டர மாட்டிக்கிட்டுப் போலே" என்றார் முதலாளி. கூடவே சிரிக்கவும் செய்தார்.

வாய்ப்பக்கம் காற்றுப் பட்டு ஆறித்தான் இருந்தது. சாக்கைத் தள்ளிக்கொண்டே ஊர்ந்தான். பாதங்கள் மட்டும் வெளியே தெரிந்தன. சுரண்டுகிற சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு பாதங்களும் உள்ளே போயின. கடைசிப் பக்கம் போனதும் ஈரச் சாக்கிலிருந்து ஆவி கிளம்பி வாய் வழியே வந்தது. "இழு! இழு!" என்று ஒரு குரல். அது அவன் குரல் மாதிரியே இல்லை.

முதலாளி நாற்காலியிலிருந்து எழவில்லை. அடுப்பு மாஸ்டர் காமராஜ் கொல்லையில் விறகு அடுக்கிக்கொண்டிருந்தார். நான்தான் ஓடிப்போய் அடுப்புக்குள் கையை விட்டு இரண்டு கணுக்காலையும் பிடித்து இழுத்தேன். காமராஜ் வந்து சேர்ந்து பிடித்தார். முழங்கை இரண்டும், வயிறும், முழங்காலும் தோல் வழன்றிருந்தது.

அரைமணி நேரத்தில் ரிக்‌ஷா வைத்து காமராஜ் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். கடையில் நின்றவர்களிடம் முதலாளி சொன்னது இது: "கவனம் கெட்ட பய. டால்டாவ நம்பி எவனாவது தீக்குள்ள போவானா?" பிறகு என்னைப் பார்த்தார். "ஏம்மா, நோம்பு வச்சுக்கிட்டு அந்நிய ஆம்பள காலப் புடிச்சு இழுக்குறியே, ஒரு மசலா, மார்க்கச் சட்டம் தெரிய வேணாமா?"

ஒரு உயிர் வேகும்போது எது மார்க்கம் என்று எனக்குத் தெரியும். அவருக்குத்தான் தெரியவில்லை.

அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். மாயம்மாள் விசிறிக்கொண்டிருந்தாள். சடையாண்டி வலியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"என் கண்ணு ஏமாத்திருச்சுக்கா. கெட்டியா இருந்துச்சுன்னு பாத்தேன். எப்படித் தப்புச்சுன்னு தெரியல. இனி எந்த அடுப்புலயும் எறங்க மாட்டேன். மத்தக் கடைக்காரங்ககிட்டயும் சொல்லிருங்க, வேற ஆள் பாத்துக்கட்டும்."

அவனுக்கு இருந்தது அந்த ஒரு கண்கணக்குதான். அது தப்பு என்று அவனே நம்பிவிட்டான். அப்போதுதான் பக்கத்தில் நின்ற காமராஜ் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்: "ஞாயித்துக்கெழம நிறுத்துன தீயத் திங்கக்கெழம திரும்ப மூட்டுனோம். செம்பட்டியில ஒரு விசேச வீட்டு பன் ஆர்டரு. செவ்வாக்கெழம விடியற வரைக்கும் எரிஞ்சுச்சு. யார்ட்டயும் சொல்லாதன்னாரு."

பிரிட்ஜும் கிண்ணமும் எறும்பும் எனக்கு அந்த இடத்தில் விளங்கின. பார்த்தது அத்தனையும் சொன்னேன்.

"நெசமாவாக்கா?"

"நோம்பு வாயால சொல்றேன் தம்பி. உன் கணக்கு தப்பல."

"நான் டீ குடிக்கப் போன நேரத்துலயா?" என்றான். "உங்களுக்கு முன்னால குடிக்கக் கூடாதுன்னுதானக்கா அம்புட்டு தூரம் போனேன்."

மறுநாள் தட்டுகளோடு பெண்கள் வந்துவிட்டார்கள். பாதி சுரண்டிய அடுப்பைக் காட்டி முதலாளி அதே கதையை ஆரம்பித்தார். நான் பொட்டலத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்தேன். "அவன் கவனம் கெட்டவன் இல்ல. டால்டாவ மாத்துனது இவரு" என்றேன்.

வரிசையில் முதலில் நின்றவர் கமர்ஜஹான் மாமி, எங்கள் தெருவில் குர்ஆன் ஓதிக் கொடுப்பவர். "யாசினு, அந்த பிரிட்ஜத் தொற" என்றார்.

கிண்ணம் அங்கேயே இருந்தது, பாதி டால்டாவோடு.

"அது கேக்கு கிரீமுக்கு வச்சது மாமி."

"கிரீமுக்கு வச்சதுல கை வச்சு எடுத்த தடம் இருக்கே, யாரு தின்னது? நோம்புல?"

பின்னால் யாரோ சிரித்தார்கள். மாமி சிரிக்கவில்லை. "அல்லாவுக்குச் செஞ்ச பாவத்த அல்லா மன்னிப்பான். அந்தப் பயலுக்குச் செஞ்சத அவன்தான்டா மன்னிக்கணும். பெருநாத் தொழுகைக்கு முன்னால போய்க் கேளு" என்று சொல்லிவிட்டுத் தட்டைத் தூக்கிக்கொண்டு வேறு கடைக்குப் போனார். மற்றவர்களும் போனார்கள். நானும் அன்றோடு நின்றுவிட்டேன்.

முதலாளி மன்னிப்புக் கேட்கப் போகவில்லை. ஒரு டின் பிஸ்கட்டை காமராஜ் கையில் கொடுத்தனுப்பினார். மாயம்மாள் அதை வாசல் தாண்டவிடவில்லை.

சடையாண்டி இரண்டு மாதத்தில் எழுந்து, பேகம்பூர்க் கடையைத் தவிர மற்ற ஆறு அடுப்புகளிலும் இறங்கினான். முழங்கைத் தழும்பைக் காட்டி யாராவது கேட்டால், "ஏமாந்ததுல வந்தது, தப்புனதுல வந்தது இல்ல" என்பான்.

எட்டு வருடம் கழித்து யாசின் ஹஜ்ஜுக்குக் கிளம்பினார். போகிறவர்கள் வீடு வீடாகப் போய், தெரிந்தும் தெரியாமலும் செய்த பிழையைப் பொறுத்துக்கொள்ளச் சொல்வது வழக்கம். என் வீட்டுக்கும் வந்தார்.

"சடையாண்டி வீட்டுக்குப் போனீங்களாண்ணே?" என்றேன்.

"அது நம்ம ஜனம் இல்லையே."

"வெந்த தோலு எந்த ஜனம்னு பாத்தா வெந்துச்சு? மொதல்ல அங்க போயிட்டு வாங்க. பெறகு நான் சொல்றேன்."

என் வீட்டுக்கு அவர் திரும்ப வரவில்லை. ஊர் கூடி மாலை போட்டு வழியனுப்பியது. சில நாள் கழித்து சடையாண்டியைத் தெருவில் பார்த்தபோது கேட்டேன்.

"வந்தாருக்கா. வாசல்ல நின்னாரு. 'ஏலே சடையா, என்னமும் இருந்தா மனசுல வச்சுக்காத'ன்னாரு. 'என்ன இருந்துச்சுன்னு நீங்க சொல்லுங்க பாய், நான் மறந்துர்றேன்'னேன்."

"என்ன சொன்னாரு?"

"ஆட்டோ நிக்குதுன்னு போயிட்டாரு."