ஜெயத்துக்காக எழுதிய வசனங்கள்

இன்று காலை பேத்திக்குப் பலகையில் எழுத வெண்கட்டி வாங்க மட்டக்களப்பு டவுனுக்குப் போயிருந்தேன். கடைக்காரர் பெட்டியைத் திறந்ததுதான் தாமதம், அந்த வாசனை குப்பென்று வந்து என்னை நாவற்குடாவில் எங்கள் தேவாலய வாசலில் கொண்டுபோய் நிறுத்திவிட்டது. வந்த பரபரப்பில் குடையைக் கடையிலேயே விட்டுவிட்டேன். போகட்டும், கதையைக் கேளுங்கள்.

அந்த வாசலில் ஒரு கரும்பலகை இருந்தது. எனக்குக் கிளார்க் வேலை கிடைத்த புதிது. தினமும் விடிந்ததும் தேவாலயத்தில் அரை மணி நேரம் வேதத்தைத் தியானித்து, மனதைத் தொட்ட ஒரு வசனத்தைப் பலகையில் எழுதுவது என் பொறுப்பு. கல்முனை பஸ்ஸில் போகிறவர்கள்கூட எட்டிப் பார்த்து வாசிப்பார்கள். என் எழுத்து முத்து முத்தாக இருக்கும். நானே சொல்லாவிட்டால் வேறு யார் சொல்லப்போகிறார்கள்! தாழ்மையைப் பற்றிய வசனம் என்றால் இன்னும் கொஞ்சம் பெரிதாகவே எழுதுவேன்.

ஜெயம் எங்கள் பாடகர் குழுவில் இருந்தான். தச்சு வேலை, என்னைவிட இரண்டு வயது இளையவன், உயிர் நண்பன். வாய் மட்டும் கொஞ்சம் நீளம். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் நீளமாக ஜெபித்து முடித்ததும் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான்: “அண்ணன் ஜெபிக்கத் தொடங்கினா ஆண்டவருக்கே கொட்டாவி வந்திரும்.”

சபையே சிரித்தது. போதகரும் சிரித்தார், அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அவனோடு பேச்சை நிறுத்திவிட்டேன். மறுநாள் வேதத்தை எனக்காக அல்ல, அவனுக்காகப் புரட்டினேன். நாவை அடக்காதவனைப் பற்றி ஒரு வசனம் அகப்பட்டது. ஆகா! அடுத்த நாள் பரியாசக்காரன். அதற்கடுத்த நாள் மூடன். எழுதிவிட்டு மாமரத்துக்குப் பின்னால் ஒளிந்து நிற்பேன். ஜெயம் சைக்கிளை நிறுத்தி, ஒரு காலை ஊன்றிக்கொண்டு இரண்டு தரம் வாசிப்பான். முகம் வாடிப்போகும். எனக்கு உள்ளே திருவிழாதான். வேதத்தைத் தியானித்து அவ்வளவு குஷி அதற்கு முன் எனக்குக் கிடைத்ததே இல்லை என்றால் பாருங்கள்.

நான்காம் நாள் அவன் சைக்கிளை மதிலில் சாத்திவிட்டு நேரே உள்ளே வந்தான்.

“அண்ணன், மூணு நாளா ஆண்டவர் என்னோடயே பேசுறார். அண்டைக்கு அவ்வளவு பேருக்கு முன்னால உங்கள நோகடிச்சிட்டன். மன்னிச்சிருங்க.”

எனக்கு மறைக்க மனம் வரவில்லை. “ஜெயம், அத ஆண்டவர் எழுதல்ல. உனக்குக் குத்தட்டும் எண்டு நான்தான் எழுதின.”

“ஓம், தெரியும். மரத்துக்குப் பின்னால நிண்டு பாத்ததையும் கண்டன். அதுக்காக வசனம் பொய்யாகுமா?”

சிரித்துக்கொண்டே வேலைக்குப் போய்விட்டான்.

நான் உட்கார்ந்து அன்றைய பகுதியைத் திறந்தேன். ஆலயத்தில் இரண்டு பேர் ஜெபிக்கும் கதை. தூரத்தில் நின்று மார்பில் அடித்துக்கொண்ட, வரி வசூலிக்கிற ஆயக்காரன்தான் நான் என்று சிறு வயதிலிருந்தே ஒரு நினைப்பு. அன்று பார்த்தால், முன்னால் நின்று தன்னைத்தானே மெச்சிக்கொள்கிற மற்றவன் என் சட்டையைப் போட்டுக்கொண்டு நிற்கிறான்! வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனால் சொன்னால் நம்பமாட்டீர்கள், கூடவே அப்படியொரு சந்தோஷம். இந்த லட்சணத்தில் இருக்கிற என்னையும் கடவுள் கைவிடவில்லையே, காலையிலேயே ஒருவனை அனுப்பி வைத்திருக்கிறாரே! ஓடிப்போய் ‘பாவியாகிய என்மேல் கிருபையாயிரும்’ என்ற ஆயக்காரனின் ஒற்றை வரி ஜெபத்தைப் பலகையில் எழுதினேன். அவசரத்தில் எழுத்தெல்லாம் கோணல்மாணலாக வந்தது. அழித்துத் திருத்தவில்லை.

வீதியை அகலமாக்கியபோது மதிலோடு பலகையும் போய்விட்டது. போன மாரிக்காலத்தில் ஜெயமும் போய்விட்டான். விடிகாலைத் தியானத்தை நான் இன்னும் விடவில்லை. மனிதர்களோடு முட்டிக்கொள்வதையும் விடவில்லை. பிழை யார் பக்கம் இருந்தாலும் இப்போது நான்தான் அவர்கள் வீட்டு வாசலுக்குப் போய் நிற்க வேண்டியிருக்கிறது. எனக்கு முந்தி வந்து மன்னிப்புக் கேட்க ஜெயம் இல்லை.