மூத்திரம் என்று சொன்ன மருமகள்

கல்யாணமாகிப் புகுந்த வீட்டுக்குப் போகிற வழியிலேயே என் பேர் கெட்டுப்போனது. அதற்கு நான் பாதி காரணம், கரி பஸ் பாதி காரணம்.

அப்போது யுத்தம் நடந்துகொண்டிருந்தது. பெட்ரோல் கிடைக்காததால் பஸ்ஸுக்குப் பின்னால் ஒரு கரி அடுப்பைக் கட்டி ஓட்டினார்கள். பெரம்பலூரிலிருந்து அரியலூர் போய்ச் சேர்வதற்குள் அந்த அடுப்பு மூன்று நான்கு தடவை மக்கர் பண்ணும். பஸ் நிற்கும். கிளீனர் இறங்கிக் கரியைக் கிளறுவார். ஆண்கள் எல்லாரும் இறங்கிப் புளியமரத்துப் பக்கம் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு வந்து ஏறுவார்கள். பெண்களில் ஒருத்தியும் இடத்தை விட்டு அசையமாட்டாள். மூன்றாவது தடவை நின்றபோது என்னால் பொறுக்க முடியவில்லை. என்னைக் கொண்டுபோய் விட வந்த பெரிய அண்ணனைப் பார்த்து, "அண்ணே, மூத்திரம் முட்டுது. நானும் எறங்குறேன்" என்றேன்.

எப்போதும் பேசுகிற குரலில்தான் சொன்னேன். ஆனால் இஞ்சின் ஓடவில்லை. கடைசி சீட்டு வரைக்கும் கேட்டுவிட்டது. என் மாமியார் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். புது மாப்பிள்ளை ஜன்னலுக்கு வெளியே எதையோ வெகு அக்கறையாகப் பார்த்தார். அண்ணன் என்னை இறக்கி ஒரு வேலிக்குப் பின்னால் கூட்டிப்போனார். திரும்பி வந்து ஏறினால், அத்தனை கண்ணும் என் மேல். முட்டியது தப்பா, இறங்கியது தப்பா, சொன்னது தப்பா? ஒன்றும் விளங்கவில்லை. வயது பதினாறு.

என்னைக் குறை சொல்லவும் முடியாது. நான் கைக்குழந்தையாக இருந்தபோதே அம்மா போய்விட்டார். பூலாம்பாடிக்குப் பக்கத்தில் எங்கள் பருத்திக் காடு. அப்பாவும் மூன்று அண்ணன்களும் நானும்தான் வீடு. எனக்குத் தெரிந்த தமிழ் முழுக்க ஆண்கள் பேசிய தமிழ். அவர்களுக்கு பீ பீதான், குசு குசுதான். ஒரு வருஷம் எங்கள் செவலைக் காளைக்கு மூத்திரம் அடைத்துக்கொண்டது. வயிறு உப்பி, தரையை உதைத்துக்கொண்டு நின்றது. அப்பா தெருத் தெருவாக ஓடி, "மாட்டுக்கு மூத்திரம் போவல, யாராச்சும் வாங்க" என்று கத்தினார். ஆள் வந்து சேர்வதற்குள் காளை செத்துப்போனது. அவர் கத்திய அந்த வார்த்தையில் வெட்கப்பட ஏதாவது இருந்ததாக யாருக்கும் தோன்றவில்லை. எல்லாரும் அழுதோம்.

அதே அப்பா ஒரே ஒரு தடவை வாயடைத்து நின்றதைப் பார்த்திருக்கிறேன். பருத்தி எடுத்துக்கொண்டிருந்தபோது அவரிடம் போய், "அப்பா, எனக்கு ரத்தம் வருது, எங்கயும் வெட்டிக்கல" என்றேன். அப்பா என்னைப் பார்த்தார், மடியில் இருந்த பருத்தியைப் பார்த்தார். பிறகு பக்கத்துக் காட்டுக்காரர் மனைவியிடம் போய், நாலு முழம் தள்ளி நின்று, "பொண்ணுக்கு ஒடம்பு சரியில்லம்மா" என்றார். உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது, எதற்குப் பொய் சொல்கிறார் என்று எனக்குக் கோபம்கூட வந்தது.

அரியலூருக்கும் உடையார்பாளையத்துக்கும் நடுவில் இருந்த என் மாமனார் வீடு பெரிய வீடு. நெல் நிலம், கிணறு, எந்நேரமும் ஆள் நடமாட்டம். அந்த வீட்டுப் பெண்களுக்கு உடம்பில் என்ன நடந்தாலும் அதற்கு ஒரே பேர்தான்: ஒடம்பு சரியில்ல. தலைவலியும் அதுதான், மாதவிலக்கும் அதுதான், மூன்று மாதம் முழுகாமல் இருந்தாலும் அதுதான். கொல்லைக்குப் போக வேண்டுமென்றால் வாயைத் திறக்காமல் செம்பை எடுத்துக்கொண்டு நடப்பார்கள். மிகவும் அவசரமாகச் சொல்லியாக வேண்டுமென்றால் 'ஒதுங்கணும்' என்பார்கள். அதையும் சுவரைப் பார்த்துச் சொல்வார்கள்.

அங்கே போன முதல் மாதத்திலேயே இரண்டாவது தப்பைச் செய்தேன். மாமனார் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "சின்னப் பொண்ணு ஏன் ரெண்டு நாளா சரியா சாப்புடல?" என்று பிரியமாகத்தான் கேட்டார். பிரியமாகக் கேட்கிறாரே என்று நானும், "பேதி புடுங்குது மாமா" என்றேன். ரசத்தைப் பிசைந்த கை அப்படியே நின்றது. எழுந்து போய்க் கையைக் கழுவிவிட்டார். மாமியார் என்னைச் சமையலறைக்குள் இழுத்துக்கொண்டு போனார்.

"இன்னொரு தடவ இந்த மாதிரி வார்த்த ஒன் வாயில வந்துச்சு, ஒங்கப்பன வரச்சொல்லி ஆள் அனுப்பிடுவேன். ஆம்பள வளத்த பொண்ணு எங்களுக்கு ஆவாது, கூட்டிட்டுப் போங்கன்னு சொல்லிடுவேன்."

அடிப்பேன் என்றிருந்தால் பயந்திருக்கமாட்டேன். அப்பா துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அந்த வாசலில் வந்து நிற்பதைத்தான் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அன்றிலிருந்து வாயைக் கட்டிக்கொண்டேன்.

ஆனால் குழப்பம் மட்டும் தீரவில்லை. நெல் குத்த வருகிற பெண் கொல்லையில் நின்றுகொண்டு, "ஆச்சி, என் மவன் ராத்திரி பூரா பாயிலயே மூத்திரம் பேஞ்சு வெச்சிட்டான்" என்பாள். என் மாமியார் முகம் சுளிக்காமல், "நாய்க்கடுக ஊற வெச்சுக் குடு" என்று வைத்தியம் சொல்வார். மாமனார் களத்துமேட்டில் ஆட்களைத் திட்டும்போது எங்கள் அண்ணன்களுக்கே தெரியாத வார்த்தைகள் எல்லாம் வரும். இதெல்லாம் போகட்டும். மாட்டு மூத்திரத்துக்குக் கோமியம் என்று ஒரு மரியாதைப் பேர் வைத்து, அதை வெள்ளிக்கிழமைதோறும் வீடு முழுக்கத் தெளித்தார்கள். மாட்டுக்கு இருந்த மரியாதை அந்த வீட்டில் எனக்கு இல்லையே என்று எரிச்சலாக வரும்.

இந்த எரிச்சலைச் சொல்லிச் சிரிக்க எனக்கு அங்கே ஓர் ஆள் இருந்தார். என் கணவருடைய அண்ணன் மனைவி, எனக்கு ஓரகத்தி. அக்கா என்று கூப்பிடுவேன். ஒருநாள் கிணற்றடியில் அவர் மெதுவாகச் சொன்னார்: "அன்னைக்கு பஸ்ஸுல எனக்கும் முட்டிக்கிட்டுதான்டி இருந்துச்சு. நீ எறங்குன. நான் வூடு வந்து சேர்ற வரைக்கும் அடக்கிக்கிட்டே வந்தேன்." சொல்லிவிட்டு இரண்டு பேரும் வாளியை விட்டுவிட்டுச் சிரித்தோம்.

அடுத்த வருஷம் அக்காவுக்கு மூன்றாவது பிரசவம். மூன்றாவது என்பதால் தாய் வீட்டுக்குப் போகவில்லை. விடிகாலையில் ஆண் குழந்தை பிறந்தது. மருத்துவச்சி பிள்ளையைக் கழுவிக் கொடுத்துவிட்டு, வேறு ஊரில் ஒரு பிரசவம் காத்திருக்கிறது என்று போய்விட்டாள். கஷ்டமான பிரசவம்தான். ஆனாலும் அக்கா அன்று நன்றாகத்தான் இருந்தார். மறுநாள் காலையில் முகம் வெளுத்துப்போய்ப் படுத்திருந்தார். வயிற்று வலி என்றார். அரியலூர் டவுனிலிருந்து டாக்டரைக் கூப்பிட வண்டி போனது.

அந்த வீட்டில் டாக்டர் பெண்களைப் பார்க்கிற முறை இப்படி: அறை வாசலில் ஒரு புடவையைத் தொங்கவிடுவார்கள். டாக்டர் நடையில் நாற்காலி போட்டு உட்காருவார். புடவைக்கு வெளியே கை மட்டும் நீளும், நாடி பார்ப்பார். அவர் கேட்பதற்கெல்லாம் மாமனார்தான் பதில் சொல்வார்.

"ஜுரம் இருக்குங்களா?"

"லேசா இருக்குங்க."

"மலஜலமெல்லாம் ஒழுங்கா போவுதுங்களா?"

"அதெல்லாம் ஒரு கொறையும் இல்லீங்க" என்றார் மாமனார், உடனே. வீட்டில் அரிசி இருக்கிறதா என்று யாரோ கேட்டுவிட்ட மாதிரி, கொஞ்சம் கௌரவமாகவே சொன்னார். அவருக்கு எப்படித் தெரியும்? யாரையும் அவர் கேட்கவில்லை. டாக்டர் ஒரு மிக்ஸ்சர் மருந்தைக் கொடுத்து, நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்லிவிட்டுப் போனார். பிள்ளை பெற்றவளுக்குத் தண்ணீரா என்று முணுமுணுத்துக்கொண்டே மாமியார் சீரகத் தண்ணீராகக் காய்ச்சிக் கொடுத்தார். அக்கா சொன்னபடி குடித்தார். குடிக்கக் குடிக்க வலி கூடியது.

சாயங்காலம் நான் மட்டும் பக்கத்தில் இருந்தபோது அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தார். "புள்ள பொறந்ததுலேருந்து ஒதுங்கவே வரலடி. ஒக்காந்தா வலி உயிர் போவுது, ஒரு சொட்டு வரல. யார்கிட்டயும் சொல்லிடாத. ஆம்பளைங்க காதுல விழுந்தா நான் எப்படி மொகத்த வெச்சுக்கிட்டு நடமாடுறது?"

அவர் வயிற்றில் கை வைத்தேன். தொப்புளுக்குக் கீழே கல்லாக இருந்தது. எங்கள் செவலைக் காளை ஞாபகத்துக்கு வந்தது.

அக்கா சொல்லாதே என்றது ஒரு பக்கம், மாமியார் போட்ட கட்டளை ஒரு பக்கம். அந்த வீட்டு வார்த்தையிலேயே மாமியாரிடம் மட்டும் போய்ச் சொன்னேன்: "அத்த, அக்கா ரெண்டு நாளா ஒதுங்கலியாம்." மாமியார் திடுக்கிட்டார், அது உண்மை. கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, தூணிடம் சொல்வதுபோல மாமனாரிடம் சொன்னார்: "அதுக்கு வயிறு இன்னும் கனமா இருக்காம். காலையில டாக்டரு வரட்டும்." அவ்வளவுதான். என் வாயிலிருந்து கிளம்பிய சேதி நாலு அடி தூரம் போவதற்குள் பாதி காணாமல் போய்விட்டது. அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. முப்பது வருஷமாகப் புருஷனிடம் சொல்லிப் பழகாத ஒன்றை ஒரே சாயங்காலத்தில் எப்படிச் சொல்வார்?

மறுநாள் டாக்டர் வந்தபோது அக்காவுக்குப் பேச்சே இல்லை, முனகல்தான். புடவைக்கு வெளியே நீட்டிய கையை நான்தான் தாங்கிப் பிடித்திருந்தேன். நடையில் மாமனார், அக்காவின் கணவர், என் கணவர், வண்டிக்காரர் எல்லாரும் நின்றார்கள். டாக்டர் மறுபடியும் அதே கேள்வியைக் கேட்டார். "மலஜலம்?"

"அதெல்லாம் நேத்தே சொன்னேனுங்களே, ஒண்ணும் கொறை—"

"பொய்யிங்க" என்றேன்.

புடவையைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். என்ன சொல்வது, எந்த வார்த்தையில் சொல்வது என்று ஒரு நொடி தடுமாறினேன். ஒதுங்குவது, கொல்லைக்குப் போவது, உடம்பு சரியில்லாதது எல்லாம் மண்டைக்குள் சுற்றியது. கடைசியில் அப்பா தெருவில் கத்தியதுதான் வாயில் வந்தது. "புள்ள பொறந்ததுலேருந்து அவங்களுக்கு மூத்திரமே போவல. வயிறு கல்லாயிடுச்சு. செத்துப் போயிடுவாங்க, எதாச்சும் பண்ணுங்க."

டாக்டர் எழுந்தார். யாரையும் கேட்காமல் உள்ளே போனார். பையிலிருந்து ரப்பர் குழாயை எடுத்து வெந்நீரில் போடச் சொன்னார், பாத்திரம் கேட்டார். மாமியார் அக்காவின் தலையை மடியில் வைத்துக்கொண்டார். அந்தப் பித்தளைப் பாத்திரம் நிறைகிற சத்தம் வீடு முழுக்கக் கேட்டது. நடையில் நின்ற ஆண்கள் ஒருவர் பின் ஒருவராக வாசலுக்குப் போய்விட்டார்கள். இன்னும் ஒரு வேளை விட்டிருந்தால் தன்னால் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று டாக்டர் கைகழுவும்போது சொன்னார்.

என் அப்பாவை வரச்சொல்லி ஆள் போகவில்லை. மாமியார் அதைப் பற்றிப் பேசவே இல்லை. பாராட்டவும் இல்லை, திட்டவும் இல்லை. என் கணவர் மட்டும் கிணற்றடியில் வைத்து, "நீ சொன்னது சரிதான். ஆனா அந்த வார்த்தைக்குப் பதிலா வேற வார்த்தையில சொல்லியிருக்கலாம்" என்றார். "எந்த வார்த்தையில?" என்று கேட்டேன். நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன். யோசித்தார். பிறகு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார்.

அக்கா பிழைத்தார். ஆனால் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். ஒரே அடுப்பில் சமைத்தோம், ஒரே கிணற்றில் இறைத்தோம். உப்பு வேண்டுமென்றால் தானே எழுந்து எடுத்துக்கொள்வார். என் கணவர் முன்னாலும் வண்டிக்காரர் முன்னாலும் அவர் மானத்தை நான் வாங்கிவிட்டேன் என்று நினைத்தாரோ என்னவோ. உயிரைக் காப்பாற்றியதற்கு இதுவா என்று சில நாள் ஆத்திரம் வரும். சொல்லாதே என்று கையைப் பிடித்துக் கேட்டாரே என்று சில நாள் நானே என்னைத் திட்டிக்கொள்வேன். எது நியாயம் என்று பிடிபடாமலே ஒரு வருஷத்துக்கு மேல் ஓடியது. அதற்குள் நான் அந்த வீட்டுப் பெண்ணாகவே ஆகிவிட்டேன். செம்பை எடுத்துக்கொண்டு பேசாமல் நடக்கப் பழகிவிட்டேன்.

பிறகு என் பிரசவம். தலைப் பிரசவம்தான், ஆனால் ஆண்கள் மட்டும் இருக்கிற வீட்டில் யார் பார்ப்பது என்று இங்கேயே வைத்துக்கொண்டார்கள். பெண் குழந்தை. அன்று மத்தியானம் அக்கா கஷாயத்தோடு உள்ளே வந்தார். மாமியார் என் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார். மாமனார் நடையில் யாரோடோ பேசிக்கொண்டிருந்தார். அக்கா டம்ளரைக் கீழே வைத்தார். அத்தனை நாள் கழித்து என் முகத்தைப் பார்த்து, வீட்டுக்கே கேட்கிற மாதிரி கேட்டார்:

"மூத்திரம் போனியாடி?"

நடையில் பேச்சு நின்றது. எனக்கு முகமெல்லாம் சூடேறியது. அந்த வார்த்தையைச் சொல்லி வளர்ந்தவள் நான். அது இப்போது வாயில் வரவே மாட்டேன் என்றது. மாமியாரை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பி, ஆமாம் என்று தலையை மட்டும் ஆட்டினேன்.

"தலைய ஆட்டுனா எனக்கு எப்படித் தெரியும்?" அக்காவின் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. "அன்னைக்கு எனக்காவ சொன்னியே, அந்த மாதிரி வாயத் தொறந்து சொல்லுடி."

சொன்னேன்.