பத்தாவது கையெழுத்து

இருபத்தேழு வருஷம் காக்கிச் சட்டையில் இருந்த குப்புராஜ் எதற்கும் பயந்ததாக யாரும் சொல்ல மாட்டார்கள். அந்தப் பயத்தையெல்லாம் சேர்த்துவைத்து 2006 ஏப்ரலில், ஒரே நாளில் அனுபவித்து முடித்தார்.

சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டிய ஒரு ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் அவர். கம்பெனிகளிலிருந்து இரும்பும் தாமிரமும் களவு போவது அங்கே அன்றாட நடப்பு. களவுப் பொருளைக் கைப்பற்றினால், எங்கே எப்படிக் கிடைத்தது என்று மகஜர் எழுதி இரண்டு சாட்சிகளிடம் கையெழுத்து வாங்க வேண்டும். இரும்பு எங்கே கிடைத்தாலும் சாட்சிகள் மட்டும் ஸ்டேஷனுக்கு எதிர் டீக்கடையில்தான் கிடைத்தார்கள். வெள்ளைத் தாளின் அடியில் ஒரு கையெழுத்தைப் போட்டுவிட்டு டீ ஆறுவதற்குள் திரும்பிவிடுவார்கள். நடந்தது என்ன என்பதைக் குப்புராஜ் பிற்பாடு நிதானமாக எழுதிக்கொள்வார். எழுத்து முத்து முத்தாக இருக்கும்.

அப்படிப்பட்ட சாட்சிகளில் ஒருவர் யேசுதாஸ், ரோலிங் மில் தொழிலாளி. 1999-ல் திருவள்ளூர் கோர்ட்டில் கூண்டேறி, "கையெழுத்து என்னுதுதான் சாமி. ஆனா வெறுந்தாள்ல போட்டேன்" என்று உள்ளதைச் சொல்லிவிட்டார். வழக்கு கவிழ்ந்தது. உண்மை பேசியவருக்குச் சட்டத்தில் பிறழ்சாட்சி என்று பெயர். அன்று மாஜிஸ்திரேட் தன்னைப் பார்த்துச் சொன்ன இரண்டு வாக்கியங்கள் குப்புராஜுக்கு இன்றும் மனப்பாடம்.

ஓய்வுக்கு மூன்று வருஷம் இருக்கையில் விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்துவிட்டுத் தேர்தலில் இறங்கினார். காரணம் கேட்டவர்களிடம் மக்கள் சேவை என்றார். யார் எம்.எல்.ஏ. ஆனாலும் எழுந்து நின்று சல்யூட் அடித்து முழங்கை தேய்ந்ததைச் சொல்லவில்லை. சீட்டுக் கொடுத்தது ஒரு புதுக்கட்சி. அங்கீகாரம் இல்லாத கட்சி என்பதால் வேட்புமனுவில் தொகுதி வாக்காளர்கள் பத்துப் பேர் முன்மொழிய வேண்டும். ஒன்று குறைந்தாலும் மனு செல்லாது. கடைசி நாள் காலையில் பத்தாவது ஆள், மச்சினிக்குக் கல்யாணம் என்று நழுவிவிட்டார். குப்புராஜின் கால்கள் தாமாக டீக்கடைக்குப் போயின. யேசுதாஸ் நின்றிருந்தார். 1999 ஞாபகம் வருவதற்குள் பழக்கம் முந்திக்கொண்டது.

"இன்னாபா யேசு, ஒரு கையி போடு."

"எங்கய்யா?"

"பத்தாவது கட்டத்துல."

போட்டார். படிவம் இன்னும் வெறுமையாகத்தான் இருந்தது; பெயர், வாக்காளர் பட்டியல் பாகம் எண், வரிசை எண் எல்லாவற்றையும் குப்புராஜ் பிற்பாடு நிதானமாக எழுதிக்கொண்டார்.

மதியம் மனு தாக்கலானது. நாலு மணிக்கு அவருடைய ஏஜென்ட் அப்துல் ஜப்பார், பழவேற்காட்டு இறால் வியாபாரி, மூச்சிரைக்க வந்தார்.

"பேஜாராயிடுச்சு சார். எதிர்ப்பார்ட்டி வக்கீலு யேசுதாஸைக் கார்ல ஏத்திக்கினு போயிட்டாரு. அது என் கையெழுத்தே இல்லன்னு நாளைக்குப் பரிசீலனையில சொல்லப்போறானாம்."

"அப்டியெல்லாம் சொல்ல மாட்டான் பாய்."

"தெரிஞ்ச ஆளா?"

 தெரிந்த ஆள் என்பதுதான் சங்கடம். மனு தள்ளுபடியானால் பதவி இல்லை. போன வேலையும் திரும்பி வராது. பெட்டியில் ஆறு வெள்ளைச் சட்டைகள் மட்டும் மடிப்புக் கலையாமல் இருக்கும்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு, ஷிப்ட் விடும் நேரம் பார்த்து, யேசுதாஸைத் தேடி மில் வாசலுக்குப் போனார். கைகூப்பியபடியே பிரசார ஜீப்பிலிருந்து இறங்கினார். வெளியே வந்த கூட்டம் அவரைப் பார்த்ததும் இரண்டாகப் பிரிந்து இரண்டு சந்துகளில் மறைந்தது. ஒரு சைக்கிள் மட்டும் விழுந்து கிடந்தது.

"ஓட்டுக் கேக்கத்தாம்பா வந்தேன்!" என்று காலிச் சந்தைப் பார்த்துக் கத்தினார். யேசுதாஸ் இரவு ஷிப்டுக்கே வரவில்லை என்று வாட்ச்மேன் சொன்னார்.

பதினோரு மணிக்குப் பரிசீலனை. குப்புராஜுக்கு உள்ளங்கை வியர்த்தது. எத்தனையோ பேரின் உள்ளங்கை வியர்ப்பதைப் பார்த்து, இவன்தான் குற்றவாளி என்று முடிவு கட்டியவர் அவர். யேசுதாஸ் புதுச் சட்டையில் வந்தார். வக்கீல் பிரமாணப் பத்திரத்தை நீட்டினார். தேர்தல் அலுவலரான அம்மாள் வேட்புமனுவைத் திருப்பிக் காட்டிக் கேட்டார்:

"இது உங்க கையெழுத்தா?"

யேசுதாஸ் மனுவைப் பார்த்தார். குப்புராஜைப் பார்த்தார். சுழலும் ஃபேனைப் பார்த்தார்.

"கையெழுத்து என்னுதுதாம்மா. ஆனா வெறுந்தாள்ல போட்டேன்."

வக்கீல் பதறினார். "அது உன்னுது இல்லன்னு நேத்து இதுல எழுதிக் கையெழுத்துப் போட்டியேய்யா!"

"அதுவும் வெறுந்தாள்தான சார். அப்பால எழுதிக்கிறேன்னு நீங்கதான சொன்னீங்க?"

கையெழுத்து அவருடையதுதான், மனு ஏற்கப்படுகிறது என்றார் அம்மாள். ஏழு வருஷத்துக்கு முன் குப்புராஜைக் கவிழ்த்த அதே சொற்கள் இப்போது அவரை வேட்பாளராக்கின. முந்நூற்றுப் பதினோரு ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தும் விட்டார்.

எம்.எல்.ஏ. அலுவலகத்தில் முதல் நாளே உதவியாளர் ஒரு கட்டு லெட்டர்பேடைக் கொண்டுவந்து வைத்தார். எல்லாவற்றிலும் அடியில் ஒரு கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டால் சிபாரிசுக் கடிதங்களை அப்புறம் அடித்துக்கொள்ளலாமாம். குப்புராஜின் கை எழும்பவில்லை. "அடிச்சிக்கினு வா. படிச்சிட்டுப் போடறேன்." அன்றிலிருந்து மனுக்காரர்களின் வரிசை கேட்டுக்கு வெளியே போயிற்று. பழைய எம்.எல்.ஏ. எவ்வளவோ மேல் என்ற பேச்சும் வந்தது.

ஒரு திங்கட்கிழமை அந்த வரிசையில் யேசுதாஸ் வந்தார். மகள் மோனிகாவுக்கு நர்சிங் சீட்டு வேண்டும்.

"ஷிப்டுக்கு நேரமாச்சுங்கய்யா. ஒரு வெறுந்தாள்ல கையி போட்டுக் குடுங்க. நான் எழுதிக்கிறேன்."

குப்புராஜ் பேனாவைத் திறந்தார், மூடினார். பிறகு, "உக்காரு யேசு" என்று முழுக் கடிதத்தையும் தன் கையாலேயே எழுதி, கடைசியில் கையெழுத்திட்டு நீட்டினார்.

"படிச்சுப் பாரு."

"எதுக்குய்யா?" என்று நாலாக மடித்துச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு யேசுதாஸ் கிளம்பிவிட்டார். அவர் தெருமுனை திரும்பும்வரை எம்.எல்.ஏ. அந்தச் சட்டைப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார்.