முதல் பலகை

"இந்த உயிர் மக்களுக்காக" என்று நான் முழங்காத மேடை எங்கள் கொம்யூன் பஞ்சாயத்தில் கிடையாது. பல தேர்தல் பார்த்தவன் நான். ஒரு வாரியத் தலைவர் பதவி, ஒன்றேகால் மந்திரி பதவி எல்லாம் வகித்தவன். அந்தக் கால் பங்கு, நாற்காலி சூடாவதற்குள் ஆட்சி கவிழ்ந்த கதை. உயிரைக் கொண்டா என்று யாரும் கேட்டு வரமாட்டார்கள் என்ற தைரியத்தில்தான் முழங்கினேன். நான் முதன்முதலாக எம்.எல்.ஏ. ஆன வருஷமே கேட்டுவிட்டார்கள். அறுபதுகளின் கடைசி, ஐப்பசி மழை.

பாகூர்ப் பக்கம், என் தொகுதியில் ஓர் ஏரி. மிஞ்சிய தண்ணீர் வழிந்தோட அதன் கரையில் ஒரு கல்கட்டு உண்டு, கலங்கல் என்போம். கொஞ்சம் கூடுதலாகத் தேக்குவதற்காக அதன் தூண்களுக்கு நடுவே பலகைகளைச் செருகியிருப்பார்கள். ஏரி ததும்பினால் பலகைகளை எடுத்தாக வேண்டும். யார் எடுப்பது என்பதில்தான் வில்லங்கம். ஏரிக்கு மேலே ஓர் ஊர், கீழே ஓர் ஊர். எந்த ஊர்க்காரன் கை முதல் பலகையில் படுகிறதோ, ஏரி அந்த ஊருக்கே என்றாகிவிடுமாம். அதனால் பிரெஞ்சுக்காரன் காலத்தில் மேர், அதாவது கொம்யூனின் தலைவர், வந்து, கற்பூரம் காட்டி, முதல் பலகையை எடுப்பார். பிறகு இரண்டு ஊரும் இறங்கும். விடுதலைக்குப் பின் அந்த மரியாதை எம்.எல்.ஏ.வுக்கு வந்து சேர்ந்தது. ஊர்க்காரர்கள் இதைச் சொன்னபோது எனக்குப் புல்லரித்தது. நீச்சல் தெரியாது என்பது மட்டும் நினைவுக்கு வரவில்லை.

மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. டவுனிலிருந்து ஜீப்பில் கிளம்பி, கடலூர்ப் பாதையில் தண்ணீர் ஏறியதால் வில்லியனூர் வழியாகச் சுற்றிக்கொண்டு வந்தேன். கஞ்சி போட்ட புதுவேட்டி. மாலை விழும் என்ற எதிர்பார்ப்பில் கழுத்தை வேறு நன்றாகத் துடைத்து வைத்திருந்தேன்.

கரையில் ஏறியதும் என் கால்தான் நடுங்குகிறது என்று நினைத்தேன். இல்லை, கரை நடுங்கியது. செந்தண்ணீர் கரைமட்டத்தை நக்கிக்கொண்டிருந்தது. கீழ்ப்புறம் கரையின் அடியில், மணிக்கட்டுப் பருமனில் சேற்றுநீர் கொப்பளித்தது. அதற்கு நேர் கீழே கீழூர். பெண்கள் பிள்ளைகளை இடுப்பிலும் மாடுகளைக் கையிலும் பிடித்துக்கொண்டு மேட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தார்கள். மாலையைக் காணோம்.

"இன்னாண்ணே, இப்பத்தான் வரியா? ஏரி உனுக்காவ காத்துக்கினு கீது," என்றார் கீழூர் நாட்டாமை.

"கரை ஊறுதே! நீங்களே எடுத்திருக்கக் கூடாதா?"

"அவன் தொட்டா நாங்க வுட்ருவமா?" என்றார் மேலூரின் மளிகைக்கடைக்காரர். அவர் பின்னால் தடிகள் நின்றன.

"இவன் தொட்டா கை இருக்காது," என்றார் நாட்டாமை. அவர் பின்னாலும் தடிகள்.

"அதுக்குள்ள கரை உடைஞ்சா?"

"அதுக்குத்தானே உன்ன ஜெயிக்க வெச்சோம்!" இதை மட்டும் இரண்டு பேரும் சேர்ந்தே சொன்னார்கள். அவர்கள் ஒத்துப்போய் நான் பார்த்த முதல் விஷயம் அது.

பலகைகள் தண்ணீருக்குள் மூழ்கியிருந்தன. இடுப்பில் கயிறு கட்டி என்னை இறக்கினார்கள். கலங்கல் கல்லெல்லாம் பாசி. தண்ணீர் முழங்காலுக்கு வந்தது, தொடைக்கு வந்தது. எனக்குத் தெரிந்த எல்லாச் சாமியும் வந்தது. நான் பகுத்தறிவு பேசி ஓட்டு வாங்கியவன். அங்கே கருமாரியைக் கூப்பிட்டேன், மாதாவைக் கூப்பிட்டேன். காதுக்குள் ஏரி உறுமியது. கண்ணை மூடியவன் அப்படியே உறைந்து நின்றேன். ஒரு விரலும் அசையவில்லை.

"தூங்கிட்டியா, அண்ணே?" என்று மேலிருந்து ஒரு குரல். "தொட்டாப் போதும்பா! எடுக்கக்கூட வேணாம்!"

அப்போது கரையின் ஒரு கட்டி மண் சரிந்து தொப்பென்று விழுந்தது. கீழே ஒருத்தி வீறிட்டாள். அந்தச் சத்தத்தில் பதறி முன்னால் விழுந்தேன். விழாமல் இருக்க எதையோ பிடித்தேன். அது பலகை.

"தொட்டுட்டாரு!"

சொல்லி வாய் மூடுவதற்குள் இரண்டு ஊர் ஆட்களும் தடியை எறிந்துவிட்டுக் குதித்தார்கள். பலகை பிய்ந்தது. தண்ணீர் பாய்ந்த வேகத்தில் என் வேட்டி கடலூர்ப் பக்கம் போய்விட்டது. என்னைக் கயிற்றில் இழுத்துப் போட்டார்கள். சாயங்காலம் ஏரி ஒரு முழம் இறங்கியது. கரை நின்றது.

கீழூர் பிழைத்தது, ஆனால் நான் மாட்டிக்கொண்டேன். "ஏரி காத்த வீரன்" என்று சுவரெல்லாம் எழுதினார்கள். அந்தச் சுவர்கள்தான் என்னை மறுபடி மறுபடி ஜெயிக்க வைத்தன. பதவியில் இருந்த ஒவ்வொரு ஐப்பசியிலும் கூரை ஓட்டில் மழை விழும் சத்தம் கேட்டாலே எழுந்து உட்கார்ந்துவிடுவேன். சட்டசபையில் ஆட்சி ஆட்டங்கண்டபோதெல்லாம் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன். மழையில் தூங்கியதில்லை.

எண்பதுகளில் ஒரு தேர்தலில் தோற்றேன். அழுவது மாதிரி நடித்தேன். அந்த வருஷத்து ஐப்பசி மழைக்குப் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு, வாழ்க்கையில் முதல்முறையாக மழையை ரசித்துக்கொண்டிருந்தபோது வாசலில் ஜீப் வந்து நின்றது. என்னைத் தோற்கடித்தவர், சின்ன வயசு, கஞ்சி போட்ட வேட்டி. தேர்தலில் என்னைக் கிழவன் என்றவர் அன்றைக்கு அண்ணே என்றார்.

"அண்ணே, ஏரி ரொம்பிப் போச்சாம். கூப்புட்றாங்க."

"போங்க தம்பி. உங்க மரியாதை."

அவர் நகரவில்லை. "தண்ணி எவ்ளோ ஆழம் இருக்கும்?" என்று கேட்டார்.

தைரியமாக ஒரு பொய் சொல்லியிருக்கலாம்; தொழில் அதுதான். வாய் வரவில்லை. "பயமாத்தான் இருக்கும் தம்பி. எனுக்கு இப்பவும் இருக்குது," என்றேன். எதிர்க்கட்சிக்காரனிடம் நான் பேசிய முதல் உண்மை.

அவர் கையைப் பிடித்தேன். என் கையைவிட ஜில்லென்றிருந்தது. வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு நானும் ஜீப்பில் ஏறினேன்.