மடைக்கல்லின் மேல் போட்ட ரோடு

கடமலைக்குண்டில் கல்லுடைத்து வளர்ந்தவன் நான். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. அந்தப் படிப்பை வைத்துக்கொண்டு பதினோரு பாலம், இரண்டு சந்தைக் கட்டடம், உத்தமபாளையம் போகிற வழியில் ஒரு கல்யாண மண்டபம், சின்னமனூர் ஓரத்தில் ஒரு புறவழிச்சாலை கட்டினேன். என்ஜினியர்கள் கருவி வைத்துத் தடுமாறிய இடத்தில் காலால் மிதித்தே மட்டம் சொன்னவன். அப்பேர்ப்பட்டவனுக்கு, மகளோடு தங்கியிருக்கும் இந்த சியோல் நகரத்தில், தினமும் காலை நடையில் என்மேலேயே வெறுப்பு வருகிறது.

நகரத்தின் நடுவே ஓர் ஓடை. முன்பு அதன்மேல் மேம்பாலம் இருந்ததாம். அதை இடித்து, ஓடையைத் திறந்து, கரையெல்லாம் நாணலும் மரமும் வைத்துவிட்டார்கள். மத்தியானம் ஆபீஸ் சனம் செருப்பைக் கழற்றிக் காலை நனைக்கிறது. நாற்றமே இல்லை. பழைய தூண்கள் சிலவற்றை மட்டும் தண்ணீரில் மொட்டையாக நிற்க விட்டிருக்கிறார்கள். ஒருநாள் மகளோடு போனபோது தூணைத் தட்டி, என் நெஞ்சையும் தட்டி, நானும் இந்தத் தொழில்தான் என்று அங்கிருந்த கிழவரிடம் சைகை காட்டினேன். அவர் முகம் சிவந்துவிட்டது. தன் நெஞ்சில் ஓங்கி அடித்துக்கொண்டு ஏதோ கத்தினார். மகள் சிரித்தாள்.

"இந்தப் பாலத்த அவுகதான் கட்டுனாகளாம், அப்பா. நீங்க சொந்தம் கொண்டாடுறீகன்னு நெனச்சிட்டாக. இடிக்கையிலயும் வேலைக்கு வந்தாகளாம்."

கட்டியதையும் இடித்ததையும் ஒரே நெஞ்சில் அடித்துச் சொல்கிற ஆள். அன்று முழுக்க எனக்கு அவர் நினைப்பாகவே இருந்தது.

ஏனென்றால் என் புறவழிச்சாலைக்குக் கீழே ஒரு வாய்க்கால் கிடக்கிறது. அணையில் தண்ணீர் திறந்ததும் வெள்ளாமை செய்யும் சம்சாரிகள், வயலுக்குத் தண்ணீர் பிரியும் மடைக்கல்லில் தேங்காய் உடைப்பார்கள். ரோட்டுக்குப் பூசை போட்ட அன்று நானும் அதே கல்லில் தேங்காய் உடைத்துவிட்டு, அதன் மேலேயே கிராவல் கொட்டினேன். வருஷா வருஷம் தண்ணீர் திறந்தால் ஒரே இடத்தில் ரோடு உள்வாங்கும். லாரி பாரம் என்று சொல்லி ஒட்டுப் போட்டேன். மூடாமல் விட்ட மிச்ச வாய்க்காலில் இப்போது கோழி இறகும் சாக்கடையும். போன முறை ஊருக்குப் போனபோது, ஊர்க்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டே என் ரோட்டைப் புகழ்ந்தார்கள். த்தூ.

போன வாரம் தங்கை மகன் போன் செய்தான். ரோட்டைப் பேர்த்து வாய்க்காலைத் திறந்து, இருபுறமும் மரம் வைக்கப் போகிறார்களாம்.

"மாமா, மடை எங்கன இருக்குன்னு ஒருத்தருக்கும் தெரியல. நீங்க சொன்னாத்தான் உண்டு."

"கல்வெட்டு வைப்பீகளா?"

"அடிச்சாச்சு. அதிகாரிக பேரு, எடம் விட்டவுக பேரு எல்லாம் இருக்கு. ஒங்க பேரு வேணாம்னுட்டாக. மூடுனவருக்கு எதுக்குக் கல்வெட்டுன்னு கேக்குறாக."

"ஏலே, மூடுனவன் இல்லாம நீங்க எதத் தொறக்கப் போறீக?"

போனை வைத்துவிட்டான். ஊர்க்காரர்களே, ரோடு உள்வாங்கும் இடத்தில் ஓர் ஆள் ஆழம் தோண்டுங்கள். கல் உடையாமல் இருக்கும். ரோடு போட்ட அன்று அதை உடைக்க எனக்குக் கை வரவில்லை. நான் இங்கே ஓடையில் கால் வைக்கும்போதெல்லாம் அங்கே என் ரோடு இறங்குவதுபோல் இருக்கிறது. இடத்தைச் சொல்லிவிட்டேன். கல்வெட்டை மாற்றி அடியுங்கள். மூடியவன் என்று ஒரு வரி, மடை காட்டியவன் என்று ஒரு வரி. இரண்டிலும் என் பேர் இருக்க வேண்டும்.