அப்பாவின் முகத்தைத் திருத்தியவர்கள்

பிலிமத்தலாவை ஸ்டுடியோவிலிருந்து அப்பாவின் படம் செய்தித்தாளில் சுற்றி வந்தது. முன்னறைக் கதிரையில் சாய்த்து வைத்து அண்ணன் தாளைப் பிரித்தான். உள்ளே கோட்டும் டையுமாக ஒரு மனிதர் இருந்தார். அப்பா தன் வாழ்நாளில் கோட் போட்டதில்லை. அதை விட்டுவிடலாம், செத்தவர்களுக்குக் கோட் மாட்டிவிடுவது இப்போது ஸ்டுடியோக்காரர்களுக்கு வழக்கமாகிவிட்டது. ஆனால் உதட்டோரத்து வெள்ளை எங்கே? இடது கண்ணைச் சுற்றியிருந்த வெள்ளை எங்கே? பவுடர் அப்பியது போல ஒரே நிறத்தில் ஒரு முகம். துக்கத்துக்கு வந்திருந்த சொந்தக்காரர்கள், "எவ்வளவு லட்சணமா இருக்கு!" என்றார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அம்மா கிட்டே வந்து குனிந்து பார்த்தாள்.

"யாரு இது? இந்த ஆளுக்கு நான் விளக்கு வைக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அப்பாவுக்கு வெண்படை. கல்யாணத்துக்கு முன்பே உதட்டோரத்தில் தொடங்கிவிட்டதாம். அம்மாவின் வீட்டில் ஒருவருக்கும் சம்மதமில்லை. கட்டினால் அவரைத்தான் கட்டுவேன் என்று அம்மா ஒற்றைக் காலில் நின்று கட்டிக்கொண்டாள். அது ஒட்டாது, வலிக்காது என்று டாக்டர் சொன்னதை அப்பா யாரிடமும் எடுத்துச் சொல்லிக்கொண்டு திரியவில்லை. சொல்லியிருந்தாலும் யார் கேட்டிருப்பார்கள்? கண்டி டவுனில் ஒரு புடவைக்கடையில் அவருக்கு வேலை. சேலையை விரித்துக் காட்டும்போது அவர் கை பட்ட இடத்தைத் தொடாமல் முந்தானையின் மறு நுனியைப் பிடித்துப் பார்த்த பெண்களை நானே கண்டிருக்கிறேன். புதிதாக வந்த முதலாளி அவரை மேல்மாடி ஸ்டோருக்கு அனுப்பினார். பழைய வாடிக்கைக்காரர்கள் "அவர் எங்கே, அவர் எடுத்துக் கொடுத்தால்தான் நிறம் சரியாக இருக்கும்" என்று நச்சரித்த பிறகு, ஒன்றும் நடக்காதது போலக் கீழே கூப்பிட்டுக்கொண்டார். அந்த முதலாளியை இன்று நினைத்தாலும் என் கை துறுதுறுக்கிறது. அப்பாவோ முழுக்கைச் சட்டை ஒன்றுகூடத் தைத்துக்கொள்ளாத மனிதர். அம்பிட்டிய பஸ்ஸில் ஒருவர் அவர் பக்கத்தில் உட்காராமல் நின்றுகொண்டே வந்தபோது, நான் அழுதுவிட்டேன். "நான் என்ன களவா எடுத்தேன், மறைச்சுக்கிட்டு நடக்க? நீ ஏன் அழுவுற?" என்று கேட்டார் அப்பா.

அந்தக் கையில்தான் அண்ணன் மகள் வளர்ந்தாள். அண்ணனும் அண்ணியும் கொழும்பில் வேலை தேடிப் போன வருடங்களில் தாத்தாவின் மடியே அவளுக்கு வீடு. அவருடைய முழங்கைக்குக் கீழே இருந்த வெள்ளைத் திட்டுக்கு யானை என்று பெயர் வைத்திருந்தாள். யானைக்குச் சோறு ஊட்டினால்தான் தான் சாப்பிடுவாள். அவரும் சளைக்காமல் பருப்பும் சோறுமாகக் கையில் பூசிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

அந்தப் பிள்ளைக்காகத்தான் படத்தைத் திருத்தச் சொன்னதாக அண்ணன் சொன்னான். அவளைப் பெண் கேட்டிருக்கிறார்கள். பதினாறாம் நாள் கருமாதிக்கு மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். "பரம்பரை பரம்பரையா வருமான்னு கேப்பாங்க. சபைக்கு முன்னால எதுக்கு?" என்றான். எனக்கு வந்த ஆத்திரத்தில் குரல் உயர்ந்துவிட்டது. உயிரோடு இருந்தபோது ஊர்தான் அவரைப் பார்த்து ஒதுங்கியது. செத்த பிறகு பெற்ற பிள்ளையே அவரை ஒதுக்குவதா? அவர் முகத்தை அழிக்க நீ யார் என்று கேட்டேன். வேறு படம் தேடி அலுமாரியைக் கிளறினோம். குடும்பப் படங்களில்கூட ஸ்டுடியோக்காரர்கள் அன்றைக்கே அவர் முகத்தைத் திருத்தித்தான் வைத்திருந்தார்கள். யாரும் கேட்காமலே செய்த உபகாரம்!

கடைசியில் அண்ணன் மகளே தன் போனை நீட்டினாள். தாத்தாவின் கன்னத்தோடு கன்னம் ஒட்டி அவள் எடுத்த படம். வாய் நிறைய வடையோடு அப்பா சிரிக்கிறார், அந்த உதட்டோடு, அந்தக் கண்ணோடு. உயிரோடு இருப்பவளை மாலை போடும் படத்தில் வைக்கக் கூடாதே என்றாள் அம்மா. அதற்காக அண்ணன் மகளே என்னோடு ஸ்டுடியோவுக்கு வந்து, பிரிண்ட் வரும்வரை கம்ப்யூட்டர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். "கொஞ்சம் கிளீன் பண்ணவா மிஸ்?" என்று ஸ்டுடியோக்காரர் கேட்டார். "என்னைய மட்டும் வெட்டுங்க. தாத்தாவத் தொடாதீங்க" என்றாள்.

கருமாதியன்று அந்தப் படத்துக்குத்தான் அம்மா விளக்கு வைத்தாள். மாப்பிள்ளையின் தாய் தேநீரோடு படத்தின் முன்னால் வெகுநேரம் நின்றார். பிறகு அண்ணன் மகளிடம் மெதுவாக, "இந்தத் தோல் வருத்தம் உங்க குடும்பத்துல வேற யாருக்கும் இருக்கா?" என்று கேட்டார். அண்ணன் அவசரமாக எழுந்தான். அவள் கையால் அவனை நிறுத்தினாள்.

"இதுவரைக்கும் இல்ல ஆன்ட்டி. எனக்கு வந்தாலும் வரலாம். வந்தா தாத்தா மாதிரி கையக் காட்டிக்கிட்டே பஸ்ல போவேன்."

அவர்கள் சாப்பிடாமல் கிளம்பினார்கள். இன்றுவரை பதில் இல்லை. அண்ணன் என்னோடு பேசுவதும் இல்லை. அம்மா காலையில் மாலையைப் புதிதாகப் போடும்போது, பூ சரிந்து அப்பாவின் உதட்டோரத்தை மறைத்தால் விரலால் தள்ளி விடுகிறாள்.