நேர்ச்சை ஆட்டின் ஈரல்

தேங்காய்ச் சிரட்டைத் தணலில் ஆட்டு ஈரல் பொசுங்கும்போது முதலில் இரும்பு மணமும், பிறகு லேசாக இனிக்கிற ஒரு மணமும் வரும். ஒன்பது வயதில் அந்த மணம்தான் என்னைக் காட்டிக்கொடுத்தது.

பள்ளிவாசல்துறையில் எங்களுடையது ஓலை வீடு. வாப்பா கடலுக்குப் போவார், உம்மா கருவாடு காயவைப்பார், நான் நினைத்த நாளில் மட்டும் பள்ளிக்கூடம் போவேன். அந்த வருஷம் உச்சமுனைக்கு அப்பால் படகின் எஞ்சின் நின்று, இரண்டு நாளாக வாப்பாவைப் பற்றி ஒரு தகவலும் இல்லாதபோது, உம்மா வாசலில் நின்று எங்களிடம் இருந்த ஒரே ஆட்டைக் காட்டி, "இவர் உசிரோட வந்தா ஹஜ்ஜுப் பெருநாளைக்கு இத குர்பான் குடுத்துர்றேன், யா அல்லாஹ்" என்று அக்கம்பக்கத்துக்கெல்லாம் கேட்கும்படி உரக்கச் சொன்னார். மூன்றாம் நாள் வாப்பா உதடு வெடித்து வந்து சேர்ந்தார்.

குர்பான் ஆட்டை அறுத்துப் பங்கிடுகிறவர்கள் தங்களுக்கும் ஒரு பங்கு வைத்துக்கொள்வதை நான் பார்த்திருந்தேன். நேர்ந்துகொண்ட ஆட்டின் சட்டம் வேறு என்பது எனக்குத் தெரியாது. பெருநாள் தொழுகை முடிந்து ஆட்டை அறுத்ததும், பாயில் "கூறு" போட்ட உம்மா எல்லாவற்றையும் தட்டுத் தட்டாக வெளியே அனுப்பினார். தலை போனது, கால் போனது, தோலும் போனது.

"எங்கட கூறு எங்க உம்மா?"

"நேர்ச்ச வெச்சது புள்ள. நாங்க ஒரு துண்டும் வாயில வெக்கேலா."

வாப்பா சிரித்தார். "என்ட உசிருக்குக் குடுத்த ஆடு. அதத் திண்டா என்னையே திண்ட மாதிரி."

பெருநாளும் அதுவுமாக எங்கள் வீட்டில் சோறும், "ஆணம்" என்கிற கருவாட்டுக் குழம்பும்தான். கடைசித் தட்டை, மூன்று பிள்ளைகளோடு தனியாக இருந்த ரஹீமா மாமிக்குக் கொண்டுபோகச் சொல்லி என்னிடம் தந்தார்கள். வழியில் ஒரு துண்டு ஈரலைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். திரும்பி வந்து வீட்டுக்குப் பின்னால் அதைச் சுட்டுத் தின்று முடிக்கையில், மணம் பிடித்து உம்மா வந்துவிட்டார். அடி விழும் என்று கண்ணை மூடினேன். விழவில்லை. கண்ணைத் திறந்தபோது உம்மா மணலில் உட்கார்ந்திருந்தார். வாப்பாவைக் காணாத அந்த இரண்டு நாளிலும் அவர் முகத்தை அப்படி நான் பார்க்கவில்லை.

மறுநாள் காலை, படகு போகாத மாரி காலத்துக்கென்று கட்டிவைத்திருந்த கருவாட்டு மூட்டையைத் தூக்கிக்கொண்டு உம்மா புத்தளம் பஸ்ஸில் ஏறினார். திரும்பி வந்தபோது மூட்டை இல்லை. கையில், நான் தின்றதைவிடப் பெரிய ஈரல் ஒன்று பேப்பரில் சுற்றியபடி இருந்தது. நாங்கள் கடையில் இறைச்சி வாங்கியதே கிடையாது. என் மேல் இரக்கப்பட்டுத்தான் வாங்கியிருக்கிறார் என்று ஓடிப்போனேன். அவர் எங்கள் வாசலைத் திரும்பிப் பாராமல் நேரே ரஹீமா மாமி வீட்டுக்கு நடந்தார்.

"இது என்னத்துக்கு?" என்றார் மாமி.

"உங்கட பங்குல கொறஞ்சது."

"நான் என்ன தராசு வெச்சா வாங்கினேன்?"

"நீங்க நிறுக்கல்ல. நிறுக்கிறவன் நிறுத்துட்டான்."

அந்த மாரியில் பல நாள் வெறும் கஞ்சி குடித்தோம்.

பிறகு நான் எங்கெங்கோ போய்விட்டேன். அரபு நாட்டில் நான் பணிப்பெண்ணாகச் சமைத்த வீடொன்றில், பெருநாளுக்கு முதல் நாள், புது இறைச்சிக்கு இடம் வேண்டும் என்று பிரீசரைக் காலி பண்ணச் சொன்னார்கள். போன வருஷத்துக் குர்பான் இறைச்சி, கல்லாக இறுகி, மூன்று பைகள். குப்பைத் தொட்டிவரை தூக்கிப்போனது நான்தான். தொட்டியின் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன்.

இப்போது ஊரில்தான் இருக்கிறேன். உம்மாவும் மாமியும் இல்லை. பாயில் கூறு போடுவதும் இல்லை. போன பெருநாளுக்கு ஒரு பையன் மோட்டார் சைக்கிளில் குர்பான் இறைச்சிப் பையொன்று கொண்டுவந்தான். யார் கொடுத்தது என்று கேட்டேன். "தெரியா ராத்தா, லிஸ்ட்ல உங்கட பேர் இருக்கு."

பையைத் திறந்தால் மேலேயே ஈரல். அதை அப்படியே எடுத்துக்கொண்டு ரஹீமா மாமியின் மகள் வீட்டுக்குப் போனேன். அன்றைக்குத் தாயின் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தவள் அவள். வாங்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"இன்னும் கொறையுதா ராத்தா?"

ஓம் என்று தலையாட்டினேன்.